கோகலும் ஒரு காளாஞ்சிச் சண்டையும்

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் தென்மராட்சிப் பக்கம். பள்ளிக்கூட ஆசிரியராக இருக்கிறேன். சில வருடங்களாக முகநூலில் நக்கலும் நையாண்டியுமாக எழுதி வருகிறேன். எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் முதல் காளாஞ்சி, அதாவது பூசை முடிந்து மரியாதையாகக் கொடுக்கும் தேங்காய்ப் பாதி, யாருக்கு என்று திருவிழாச் செலவை ஏற்ற இரண்டு உபயகாரர்கள் கொளுவுப்பட்டார்கள். அது பொதுச்சபைக் கூட்டத்தில் கதிரை தூக்குமளவுக்குப் போய், பொலிசுக்குப் போய், இப்போது வழக்கில் நிற்கிறது. அதை எழுதினேன். நிறையப் பேர் சிரித்தார்கள், பகிர்ந்தார்கள். அதையே சிறுகதையாக எழுதச் சொல்லி நண்பர்கள் கேட்டார்கள். எழுதினால் முதல் பாதி பகிடியாகவும் மற்றப் பாதி பிரசங்கமாகவும் வந்து நிற்கிறது. யாழ்ப்பாணத்தில் நடந்த கூட்டத்தில் நீங்கள், அங்கதம் எழுதுகிறவர்கள் சிறுகதையை ரஷ்ய எழுத்தாளர் நிக்கொலாய் கோகலிடம் படிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு, நேரம் போதாமல் நிறுத்திவிட்டீர்கள். கோகலுடைய வாழ்க்கையையும் அவர் சிறுகதை எழுதிய முறையையும் விரிவாகச் சொல்வீர்களா? நாவலில் செய்யும் அங்கதத்துக்கும் சிறுகதையில் செய்வதற்கும் என்ன வித்தியாசம்? என் கதையையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். இன்னொன்று, அந்த இருவரில் ஒருவர் அம்மாவுக்குச் சொந்தம். என்னுடைய பதிவுக்குப் பிறகு அவர் எங்கள் படலைப் பக்கம் வருவதில்லை.

த.

அன்புள்ள தம்பி,

விட்ட இடத்தை நீங்கள் திருப்பிக் கேட்டதில் எனக்கு மெத்தச் சந்தோஷம். கோகலைப் பற்றி யார் கேட்டாலும் நான் கதைக்கத் தயார்.

1830களின் நடுப்பகுதி, அன்றைய ரஷ்யத் தலைநகர் பீற்றர்ஸ்பேர்க். கோகலுக்கு இருபத்தைந்து வயதளவில் இருக்கும். நண்பர்கள் கூடியிருந்து கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். அலுவலக வட்டாரத்தில் உலாவிய பகிடி ஒன்றை யாரோ எடுத்துவிடுகிறார். ஒரு ஏழைக் கிளாக்கருக்குப் பறவை வேட்டையில் பைத்தியம். வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி, மேலதிக வேலை செய்து, இருநூறு ரூபிள் சேர்த்து நல்ல துவக்கு ஒன்று வாங்குகிறார். முதல் நாள் சின்ன வள்ளத்தில் பின்லாந்து வளைகுடாவுக்குள் போகிறார். துவக்கு வள்ளத்தின் முன்பக்கம் கிடக்கிறது. மனுசன் தன்னை மறந்த சந்தோசத்தில் இருக்க, அடர்ந்த நாணல் அதை இழுத்துத் தண்ணீருக்குள் விழுத்திவிடுகிறது. தேடியும் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து காய்ச்சலோடு படுத்தவர் எழும்பவில்லை. கூட வேலைசெய்தவர்கள் காசு சேர்த்துப் புதுத் துவக்கு வாங்கிக் கொடுத்த பிறகுதான் அவருக்கு உயிர் திரும்பியது.

அன்றைக்கு நடந்ததை அன்னென்கோவ் என்ற நண்பர் பின்னாளில் எழுதிவைத்தார். எல்லோரும் சிரித்தார்கள். கோகல் மட்டும் சிரிக்கவில்லை. யோசனையோடு கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ‘மேலங்கி’ கதைக்கான முதல் எண்ணம் அந்தப் பகிடியில்தான் பிறந்தது என்கிறார் அன்னென்கோவ். அந்தக் கதை வெளியானது 1842இல்.

கோகல் சிரிக்கத் தெரியாத மனுசன் என்று நினைத்துவிடவேண்டாம். பள்ளி நாடகங்களில் பெண்வேசம் போட்டுச் சபையைக் கலக்கியவர். அவருடைய முதல் கதைத்தொகுதி அச்சாகிக்கொண்டிருந்தபோது அச்சுக்கூடத்துக்குப் போயிருக்கிறார். எழுத்துக் கோக்கிறவர்கள் இவரைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்களாம். அதைக் கவிஞர் புஷ்கினுக்குக் கடிதத்தில் பெருமையோடு எழுதுகிறார். சிரிப்புக் காட்டுவது அவருக்குக் கைவந்த கலை. அப்படிப்பட்டவர்தான் அந்தத் துவக்குப் பகிடிக்குச் சிரிக்கவில்லை. உங்களுக்கு நான் சொல்ல நினைக்கிற விசயமும் அதுதான். எல்லோரும் சிரித்துவிட்டு எழும்பிப் போன பிறகு, சிரிப்புக்கு ஆளான மனுசனோடு கொஞ்ச நேரம் இருந்து பார்க்கிறவனுக்குத்தான் சிறுகதை கிடைக்கிறது. முகநூல் பதிவுக்குச் சிரிப்புப் போதும். கதைக்கு அது காணாது.

யாழ்ப்பாணத்து ஆட்களுக்குக் கோகலின் உலகம் தூரமில்லை. “கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் (அரசாங்கத்தில்) மேய்க்கவேணும்” என்று சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளை வளர்த்த ஊர் இது. கிளறிக்கல் சோதினை பாஸ் பண்ணிக் கொழும்புக்குப் போனவர்கள், அதற்கும் முதல் மலாயாவுக்குக் கப்பலேறிப் போய்க் கோப்புக் கட்டியவர்கள், பென்சனோடு திரும்பி வந்து சாய்மனைக் கதிரையில் இருந்தவர்கள் என்று எங்கள் ஒவ்வொரு குடும்பத்திலும் ஆட்கள் உண்டு. கோகலும் அப்படிப் போனவர்தான். 1809இல் உக்ரைனின் பொல்தாவாப் பகுதியில் பிறந்தார். தகப்பன் நகைச்சுவை நாடகங்கள் எழுதியவர். மகன் படித்துக்கொண்டிருக்கும்போதே காலமாகிவிட்டார். 1828 கடைசியில் பெரிய கனவுகளோடு தலைநகருக்கு வந்த கோகல், அடுத்த வருடம் புனைபெயரில் ஒரு காவியத்தை வெளியிட்டார். விமர்சகர்கள் கிழித்துப் போட்டார்கள். கடைகளில் கிடந்த பிரதிகளைத் தேடி வாங்கி எரித்துவிட்டு, அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் கிளாக்கராகச் சேர்ந்தார். 1830 ஏப்ரலில் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில், குளிர் பழகிவிட்டது, பனிக்காலம் முழுவதையும் கோடைகாலக் கோட்டோடேயே சமாளித்துவிட்டேன் என்கிறார்.

இதை மனதில் வைத்துக்கொண்டு ‘மேலங்கி’யை வாசித்துப் பாருங்கள். அகாக்கி அகாக்கியேவிச் ஒரு திணைக்களத்தில் ஆவணங்களைப் பார்த்து நகல் எழுதுகிற கிளாக்கர். வருடச் சம்பளம் நானூறு ரூபிள். பதவியுயர்வுக்கு வழியே இல்லை. கோட்டு நைந்து முதுகில் குளிர் ஏறுகிறது. ஒட்டுப்போடலாம் என்ற நம்பிக்கையில் தையற்காரன் பெத்ரோவிச்சிடம் கொண்டுபோகிறார். பெத்ரோவிச்சிடம் ஒரு மூக்குப்பொடி டப்பி இருக்கிறது. மூடியில் ஒரு ஜெனரலின் படம். எந்த ஜெனரல் என்று சொல்ல முடியாது. முகம் இருந்த இடத்தில் விரல் குத்தி ஓட்டை விழுந்து, அதன்மேல் சதுரமாக ஒரு கடதாசித் துண்டு ஒட்டியிருக்கிறது. வாசிக்கிறவர்கள் சிரிப்பார்கள். கொஞ்சம் தள்ளிப் பெத்ரோவிச், இதில் இனி ஊசி குத்த இடமில்லை, புதிசுதான் தைக்கவேண்டும் என்கிறான். ‘புதிசு’ என்றதும் அகாக்கிக்குக் கண் மங்கி அறையே கலங்கிப்போகிறது. அவருக்குத் தெளிவாகத் தெரிவது அந்தக் கடதாசி ஒட்டிய ஜெனரல் மட்டும்தான். சிரிப்பதற்குக் காட்டிய அதே டப்பியைக் கோகல் இங்கே மறுபடி எடுக்கிறார். இந்தத் தரம் எங்களுக்குச் சிரிப்பு வரமாட்டாது. இதை அவர் எப்படிச் செய்தார் என்று அந்த இரண்டு பக்கத்தையும் திருப்பித் திருப்பி வாசியுங்கள். ஒரு விளக்கமும் சொல்லவில்லை. பொருள் அதே பொருள்தான். பார்க்கிற கண்தான் அகாக்கியுடையதாகிவிட்டது.

பெத்ரோவிச் நூற்றைம்பது ரூபிள் கேட்டு எண்பதுக்கு இறங்கிவருகிறான். நாற்பது ஏற்கெனவே உண்டு. செலவழிக்கும் ஒவ்வொரு ரூபிளுக்கும் ஒரு சின்னக் காசைப் பூட்டுப்போட்ட பெட்டிக்குள் போட்டு வருடக்கணக்காகச் சேர்த்தது. மிச்ச நாற்பதுக்கு இரவுத் தேத்தண்ணியை நிறுத்துகிறார். மெழுகுதிரி கொளுத்துவதில்லை. சப்பாத்து தேயாமல் கல்லுத் தெருவில் நுனிக்காலால் நடக்கிறார். சலவைக் காசை மிச்சம்பிடிக்க வீட்டில் உள்ளுடுப்பைக் கழற்றிவைத்துவிட்டுப் பழைய அங்கியோடு இருக்கிறார். கழுத்துப்பட்டைக்கு நல்ல உரோமம் வாங்க வசதியில்லை. தூரத்தில் பார்த்தால் நல்லதுபோலத் தெரிகிற பூனைத்தோல் வாங்குகிறார்கள். இந்தக் கணக்கை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மகளின் சீதனத்துக்குக் காசு சேர்த்த எங்கள் ஊர் அப்பாமார் ஞாபகம் வரும். கோட்டு தைத்து முடிந்த அன்றைக்கு அகாக்கி வீட்டுக்கு வந்து, பழைய கோட்டை வெளியே எடுத்துப் புதியதோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சிரிக்கிறார். சாப்பிடும்போதும் நினைத்து நினைத்துச் சிரிக்கிறார். ஊர் முழுக்க அவரைப் பார்த்துச் சிரித்த கதையில் அவர் சிரிக்கிற இடம் அது. அன்றிரவே கோட்டைப் பறிகொடுக்கிறார்.

கதையின் தொடக்கத்திலேயே இன்னொரு இடம் இருக்கிறது. அலுவலகத்துப் பொடியன்கள் அகாக்கியின் தலையில் கடதாசியைக் கிழித்துக் கொட்டிப் பகிடி பண்ணுகிறார்கள். தாங்க முடியாத கட்டத்தில்தான் அவர் வாய் திறப்பார்: என்னை விடுங்கோ, ஏன் இப்படி நோகடிக்கிறியள்? புதிதாக வேலைக்கு வந்த ஒரு இளைஞன் அதைக் கேட்டுச் சட்டென்று நின்றுவிடுகிறான். அந்தச் சொற்களுக்குள் ‘நான் உன் சகோதரன்’ என்ற இன்னொரு குரல் அவனுக்குக் கேட்கிறது. பல வருடத்துக்குப் பிறகும் அது அவனை விடுவதில்லை. துவக்குப் பகிடிக்குச் சிரிக்காத கோகலைத்தான் நான் அந்த இளைஞனில் காண்கிறேன்.

நாவல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கு இப்போது வேண்டியது சிறுகதை. ‘இறந்த ஆன்மாக்கள்’ நாவலில் சிச்சிக்கோவ் குதிரைவண்டியில் ஒவ்வொரு பண்ணையாராகப் போய், செத்துப்போன அடிமைக் குடியானவர்களின் பெயர்களை விலைக்கு வாங்குகிறான். ஒரு வளவிலிருந்து அடுத்த வளவு, ஒரு முகத்திலிருந்து அடுத்த முகம். பாதைதான் நாவலைக் கொண்டுபோகிறது. செங்கை ஆழியான் ‘ஆச்சி பயணம் போகிறாள்’ எழுதியபோது ஆச்சியைப் பயணம் அனுப்பியதும் அதே காரணத்துக்காகத்தான் என்று நினைக்கிறேன். பயணம் போகிற ஆளுக்கு வழியெல்லாம் மனிதர்கள் கிடைப்பார்கள். சிறுகதைக்கு அந்தப் பாதை இல்லை. ஒரு ஆள், ஒரு பொருள். கோட்டு, மூக்கு, துவக்கு. ‘மூக்கு’ கதையில் ஒருவனுடைய மூக்கு காணாமல்போய், தங்கச் சரிகை வைத்த சீருடையோடு தெருவில் வண்டியில் வருகிறது. உத்தியோக வரிசையில் சொந்தக்காரனைவிட மூக்கு பெரிய ஆள். தன் மூக்கோடு எந்த மரியாதையில் பேசுவதென்று அந்த மனுசனுக்குத் தெரியவில்லை. மொஸ்கோ சஞ்சிகை ஒன்று தரக்குறைவு என்று திருப்பி அனுப்பிய கதை அது. 1836இல் புஷ்கின் தன் சஞ்சிகையில் போட்டார்.

சரி, உங்கள் கதைக்கு வருகிறேன். அதற்கு மிகக் கிட்டிய சொந்தம் கோகல் 1834இல் வெளியிட்ட இரண்டு இவான்களின் சண்டைக் கதை. கதியால் வேலிக்காக மூன்று தலைமுறை வழக்குப் பேசியவர்கள் இருந்த யாழ்ப்பாணத்தில் அந்தக் கதைக்கு விளக்கமே தேவையில்லை. இவான் இவானோவிச்சும் இவான் நிக்கிஃபோரோவிச்சும் அயலவர்கள், உயிர்ச் சிநேகிதர்கள். கதைசொல்லி எடுத்த எடுப்பில் ஒருவருடைய ஆட்டுத்தோல் கோட்டை வாய் ஓயாமல் புகழ்கிறார். சண்டைக்கான அறிகுறியே இல்லை. ஒருநாள் மற்றவர் வீட்டுக் கிழவி உடுப்புகளை வெயிலில் காயப்போடும்போது பழைய துவக்கு ஒன்றையும் கொண்டுவந்து தொங்கவிடுகிறாள். இவர் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறார். ஆசை வந்துவிடுகிறது. ஒரு பெண்பன்றியும் இரண்டு மூட்டை ஓட்ஸும் தருகிறேன் என்று கேட்கிறார். அவர் மறுக்கிறார். பேச்சு முற்றி, துவக்குக்காரர் இவரை ‘நீ ஒரு வாத்து’ என்று சொல்லிவிடுகிறார். அவ்வளவுதான். இவர் இரவில் போய் அவருடைய வாத்துக்கூட்டை அரிந்து விழுத்துவது, முறைப்பாடு, எதிர்முறைப்பாடு, வழக்கு. ஒருதரம் ஊர் கூடிச் சமாதானமும் ஏறக்குறைய ஆகிவிடுகிறது. விளக்கம் சொல்லப் போனவர் அந்த வாத்தை மறுபடி வாயால் விட்டுவிடுகிறார்.

முடிவைக் கவனியுங்கள். பல வருடங்களுக்குப் பிறகு கதைசொல்லி அந்த ஊரால் போகிறார். மழையும் சேறும். கோயிலுக்குள் இரண்டு பேரையும் காண்கிறார். நரைத்துத் தளர்ந்துபோனார்கள். வழக்குக்குத் தீர்ப்பு நாளைக்கு வந்துவிடும் என்று ஒருவர் சொல்கிறார். மற்றவரும் அதையேதான் சொல்கிறார். கதைசொல்லி வெளியே வந்து வண்டியில் ஏறுகிறார். “இந்த உலகத்தில் சலிப்பாயிருக்கிறது, ஐயாமாரே” என்ற ஒரு வரியோடு கதை முடிகிறது. நீங்கள் ஒன்றரைப் பக்கம் எழுதிய பிரசங்கத்தின் வேலையை இந்த ஒரு வரி செய்துவிடுகிறது. அது முடிவில் நிற்பதால் மட்டும் வந்த பலமல்ல. அதற்கு முதல் அந்த இரண்டு கிழவர்களையும் நாங்கள் கோயிலுக்குள் கிட்ட நின்று பார்த்துவிட்டோம்.

உங்கள் கதையில் அப்படிக் கிட்ட நின்று பார்க்கிற ஒரு இடம் இருக்கிறது. நீங்கள் அதைத் தாண்டி ஓடிவிட்டீர்கள். சண்டைபிடித்த இருவரில் ஒருவரான பெரியவர் எப்போதோ தனக்குக் கிடைத்த முதல் காளாஞ்சித் தேங்காய்ப் பாதியைச் சாப்பாட்டுக்கு எடுக்காமல் சாமியறையில் வைத்திருக்கிறார், அது சுருங்கிக் கறுத்துப்போய்விட்டது, மனைவி எறும்புக்கு மஞ்சள்தூள் போடுகிறா என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு இரண்டு பந்தி முதல், 2000ஆம் ஆண்டு சண்டையில் தென்மராட்சி இடம்பெயர்ந்தபோது திருவிழா நின்றுபோனது, திரும்பி வந்து செய்த முதல் திருவிழாவில் அவருக்குத்தான் காளாஞ்சி என்றும் போகிற போக்கில் ஒரு வரி வருகிறது. இரண்டையும் சேர்த்து வாசித்தால் அந்தத் தேங்காய் எந்தத் திருவிழாவினுடையது? நீங்கள் சொல்லவில்லை. எனக்குத் தோன்றுவது, அது அந்தத் திருவிழாத் தேங்காய்தான். உடைந்த கூரையும் பற்றையும் மண்டிய ஊருக்குத் திரும்பி வந்த ஒருவர், இது என்னுடைய ஊர், இது என்னுடைய கோயில், நான் இன்னும் இருக்கிறேன் என்று கையில் வாங்கிய சாமான் அது. அவருக்கு முதல் காளாஞ்சி ஏன் அவ்வளவு பெரிதாகப் படுகிறது என்பதற்குப் பதில் சாமியறைத் தட்டில் கிடக்கிறது. மற்றவருக்கும் அவருடைய பதில் ஒன்று இருக்கும். கோயிலில் யார் எங்கே நிற்பது, யார் கையில் எது கொடுக்கப்படுவது என்பது இங்கே சின்ன விசயமாக இருந்ததேயில்லை. உள்ளே போகும் உரிமைக்காகவே 1968இல் மாவிட்டபுரம் கோயிலில் ஒடுக்கப்பட்ட சாதி மனிதர்கள் அடிவாங்கியிருக்கிறார்கள். அந்த இரண்டாமவருடைய தகப்பன் எந்த வாசலில் நின்றார் என்று விசாரித்தீர்களா? விசாரித்தால் உங்கள் பகிடியின் நிறமே மாறக்கூடும்.

விசாரிப்பதைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் கோகலின் முறையில் பாதி அதுதான். 1829இல் அவர் அம்மாவுக்கு எழுதிய கடிதங்களைப் பார்த்தால் ஒரு இளைஞன் எப்படித் தன்னை எழுத்துக்குத் தயார்செய்கிறான் என்று விளங்கும். எங்கள் ஊர்த் தேவாலயத்து உதவிக் குரு உடுக்கும் உடுப்பை மேலங்கியிலிருந்து சப்பாத்து வரைக்கும் ஊர்ச்சனம் சொல்லும் பெயர்களோடு எழுதி அனுப்புங்கள் என்கிறார். பெண்பிள்ளைகளின் உடுப்பைக் கடைசி நாடா வரைக்கும் கேட்கிறார். கலியாணச் சடங்கு, பேய்க் கதை, தகப்பன் எழுதிய நாடகம், எல்லாம் வேண்டும். அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்தான் கேட்கிறார்! எனக்குத் தெரியும் என்று அவர் இருக்கவில்லை. அந்த விபரங்களிலிருந்துதான் 1831இலும் 1832இலும் வந்த திக்கான்கா கிராமத்துக் கதைகள் எழும்பின. உங்களுக்கும் அம்மா இருக்கிறா, அவவுக்கு அந்தப் பெரியவர் சொந்தமும்கூட. இடம்பெயர்ந்த காலத்தில் அவர் குடும்பம் எங்கே இருந்தது, வரும்போது வீட்டில் என்ன மிஞ்சியிருந்தது, அந்த முதல் திருவிழாவுக்கு உபயக் காசை எப்படிப் புரட்டினார் என்று அம்மாவிடம் கேளுங்கள். கேட்டதைக் கொப்பியில் எழுதுங்கள். காசுக் கணக்கை விடாமல் எழுதுங்கள்.

பிறகு எழுதுகிற வேலை. கோகல் தன் கடைசி வருடங்களில் பெர்க் என்ற எழுத்தாளருக்கு இதை விளக்கமாகச் சொல்லியிருக்கிறார். முதலில் மனதில் வந்த எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும். பிழையாக வந்தாலும் வெறுமையாக வந்தாலும் பரவாயில்லை, ஒன்றையும் விடக்கூடாது. அப்புறம் கொப்பியை மறந்துவிட வேண்டும். ஒரு மாதம், இரண்டு மாதம், சிலவேளை அதைவிடக் கூடவும் போகட்டும். எடுத்து வாசித்தால் எது கூடிப்போனது, எது இல்லை என்று தெரியும். பக்க ஓரத்தில் திருத்தி மறுபடி மூடிவைக்க வேண்டும். ஓரத்தில் இடம் முடிந்ததும் முழுவதையும் புதிதாக எழுதவேண்டும், அதுவும் சொந்தக் கையால். இப்படி எட்டுத் தரம் என்கிறார். எட்டாவது தரம் கையால் எழுதிய பிறகுதான் வேலை முற்றாக முடிந்ததாக அவருக்குத் தோன்றியது. எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறும் என்றும் சொன்னார். எங்கள் ஆச்சிமார் பினாட்டுப் போடும்போது பனங்களியை ஒரேயடியாகத் தடிப்பாக ஊற்றமாட்டார்கள். ஒரு படை காய்ந்த பிறகுதான் அதன்மேல் அடுத்த படை. காயவிடுகிற நாட்களில் பாயில் ஒன்றும் நடக்காததுபோலத்தான் இருக்கும். கோகல் கொப்பியை மூடிவைத்த மாதங்களை நான் அப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன். காலையில் நடந்ததை மாலையில் பதிவாகப் போட்டுப் பழகிய உங்கள் தலைமுறைக்கு இதுதான் கஷ்டமாக இருக்கும். கஷ்டம் என்பதற்காக இதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

பிரசங்கம் பற்றிய உங்கள் கவலைக்குக் கோகலின் வாழ்க்கையே பதிலாக இருக்கிறது, துக்கமான பதில். ‘இறந்த ஆன்மாக்கள்’ முதல் பாகம் 1842இல் வந்தது. அடுத்த பாகங்களில் சனங்களுக்கு நல்வழி காட்டவேண்டும் என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. 1847இல் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்கள் என்ற வடிவில் ஒரு உபதேசப் புத்தகம் வெளியிட்டார். பண்ணையார் எப்படி இருக்கவேண்டும், குடியானவன் எப்படிப் பணியவேண்டும் என்றெல்லாம் அதில் போதிக்கிறார். அதுவரை அவரைத் தலையில் தூக்கிவைத்த விமர்சகர் பெலின்ஸ்கி ஆத்திரத்தோடு ஒரு பகிரங்கமான கண்டனக் கடிதம்போல எழுதினார். தணிக்கை காரணமாக ரஷ்யாவில் அதை அச்சிட முடியவில்லை, கையெழுத்துப் பிரதியாகப் பரவியது. அதை ஒரு கூட்டத்தில் வாசித்துக் காட்டியதற்காகவும்தான் தஸ்தயேவ்ஸ்கி 1849இல் கைதாகி, மரணதண்டனை விதிக்கப்பட்டு, பிறகு சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டார். கோகல் இரண்டாம் பாகத்தோடு வருடக்கணக்காக மல்லுக்கட்டினார். நல்ல மனிதர்களைப் படைக்கப் பார்த்தார், அவர்கள் உயிர்பிடிக்கவில்லை. 1852 பெப்ரவரியில் ஒரு இரவு கையெழுத்துப் பிரதியை அடுப்பில் போட்டார். சில நாட்களில் சாப்பாட்டை விட்டு, உடல் ஒடுங்கி இறந்துபோனார். நாற்பத்திரண்டு வயது. நூலகம் எரிக்கப்பட்ட 1981க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு எழுத்து எரிவதைப் பற்றி எழுதுவது எனக்கு எப்போதும் வயிற்றைக் கலக்கும், அதனால் அந்த இரவைப் பற்றி இதற்குமேல் வேண்டாம்.

ஆனால் காரணத்தை யோசியுங்கள். அகாக்கியை எழுதிய கை, நல்லவனாக இரு என்று சொல்லப் போனதும் மரத்துப்போனது. உங்கள் கதையின் இரண்டாம் பாதியில் ‘எமது சமூகம் எப்போது திருந்தும்’ என்று தொடங்கும் பந்தியிலிருந்து கடைசிவரை வெட்டிவிடுங்கள். அதற்குள் நீங்கள் சொல்ல நினைத்த கவலை பொய்யில்லை. அந்தக் கவலையோடு பெரியவருடைய சாமியறைக்குள் போங்கள்.

கடைசியாகப் படலை விசயம். 1836இல் ‘அரசாங்கப் பரிசோதகர்’ நாடகம் மேடையேறியபோது சார் மன்னரே வந்து பார்த்தார், சிரித்தார். உத்தியோக வட்டாரம் கொதித்தது. கோகல் அந்த எதிர்ப்பைத் தாங்காமல் சில மாதங்களுக்குள் நாட்டை விட்டு வெளிக்கிட்டு, இடையிடையே வந்துபோனதைத் தவிர, பன்னிரண்டு வருடமளவில் வெளியில்தான் இருந்தார், பெரும்பாலும் ரோமில். உங்களுக்கு அது சரிவராது. நீங்கள் நாளைக்கும் அதே ஒழுங்கையால்தான் பள்ளிக்கூடம் போகவேண்டும், அவரும் அதே ஒழுங்கையால்தான் கோயிலுக்குப் போவார். பதிவை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அதில் பொய் எழுதவில்லை என்றால் நிற்கட்டும். ஆனால் அம்மாவோடு ஒருக்கா அவர் வீட்டுக்குப் போய்வாருங்கள். கொப்பியைக் கொண்டுபோகவேண்டாம், கதை எழுதுகிறேன் என்று சொல்லவும் வேண்டாம். அவர் திட்டினால் இருந்து கேளுங்கள். தேத்தண்ணி தந்தால் குடியுங்கள். கதையில் பெயர், ஊர், தொழில் எல்லாவற்றையும் மாற்றுங்கள். எவ்வளவு மாற்றினாலும் அவருக்குத் தெரியும். அவர் வாசித்துவிட்டு, இந்தப் பெடியன் என்னைப் பார்த்திருக்கிறான் என்று நினைக்கும்படியாக எழுத முயலுங்கள்.

இரண்டு இவான்களை முதலில் வாசியுங்கள், ‘மேலங்கி’யை அதன் பிறகு. உங்கள் கதையை இப்போதைக்கு மூடிவையுங்கள். அடுத்த திருவிழா முடியட்டும். திருத்தி எழுதினால் எனக்கு அனுப்புங்கள், கட்டாயம் வாசிப்பேன். தட்டச்சுச் செய்ததை அனுப்பவேண்டாம், ஓரத்தில் வெட்டுக்கொத்து உள்ள கையெழுத்துப் பிரதியையே படமெடுத்து அனுப்புங்கள்.